உறையும் மழை

பாலிக் புலாவின் குன்றுச் சரிவுகளில் டுரியான் தோட்டம் வைத்திருப்பவர்களிடம் புயல் என்று சொன்னால், அவர்கள் நினைவுக்கு முதலில் வருவது, 2017 நவம்பர் 4-ஆம் தேதி தொடங்கி மறுநாளும் ஓயாமல் பினாங்கையே வெள்ளக்காடாக்கி, ஏழு உயிர்களைக் கொண்டுபோய், தலைமுறை கண்ட மரங்களையும் வேரோடு சாய்த்த அந்தப் பேய்மழைதான். காற்றின் ஆவேசமே இல்லாமல், வெறும் தூறலாக இறங்கும் மழையும் காடுகளை முறித்துப் போடும் என்றால், உஷ்ணப் பிரதேசத்து ஜனங்களாகிய நமக்கு அது நம்பத்தகாத செய்தியாகவே படும்.

குளிர்நாடுகளின் பனிக்கட்டிப் புயல் அத்தகையது. இதை ஆலங்கட்டி மழையோடு சேர்த்து எண்ணலாகாது. ஆலங்கட்டி மேகத்திலேயே இறுகிக் கட்டியாய் விழுவது, இதுவோ நீராகவே விழுவது. உயரத்தில் பிறந்த பனித்துகள் நடுவிலுள்ள வெப்பக் காற்றடுக்கில் உருகி மழைத்துளியாகி, தரையை ஒட்டிய மெல்லிய குளிரடுக்கில் பூஜ்யம் பாகைக்கும் கீழே குளிர்ந்தும் உறைய அவகாசமின்றி வந்து, கிளையையோ கம்பியையோ தொட்ட கணத்தில் கண்ணாடிப் பூச்சாக ஒட்டிக்கொள்கிறது. பூச்சின்மேல் பூச்சாக அது தடிக்கத் தடிக்க, மின்கம்பி தன் எடையைப் போல் பன்மடங்கு பாரத்தைத் தாங்க நேரிடுகிறது. 1998 ஜனவரியில் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் இவ்விதமே சுமார் 1,000 எஃகு மின்கோபுரங்கள் மடிந்து விழ, லட்சக்கணக்கான குடும்பங்கள் நடுக்குளிரில் இருளில் மூழ்கின. சில ஊர்களுக்கு மின்சாரம் திரும்ப ஒரு மாதத்துக்கும் மேலாயிற்று.

நம்மவர்களும் இதன் கொடுமையை அனுபவித்திருக்கிறார்கள். ஈழத்தமிழர் பெருந்தொகையாய்க் குடியேறிய ஸ்கார்பரோ உள்ளிட்ட டொராண்டோ மாநகரை, 2013 டிசம்பர் 21, 22 தேதிகளில், கிறிஸ்துமஸ் விடுமுறை நெருங்கிய வேளையில் இப்புயல் தாக்கியபோது, சுமார் 3,00,000 மின் இணைப்புகள் அறுந்தன. நமக்கு மின்சாரம் நின்றால் காற்றாடி நிற்கும், புழுங்கும், அவ்வளவே. அங்கோ அடுப்பும் கணப்பும் ஒருங்கே அணைகின்றன. அடுக்குமாடியில் மின்தூக்கி நின்றதும் மாடியிலிருந்த முதியோர் சிறைப்பட்டவர்களாகிவிட, குளிர் பொறாமல் கரியடுப்பை வீட்டுக்குள் மூட்டுவோரும், மின்னாக்கியைக் கார்க்கொட்டகையில் ஓட்டுவோரும், வாசனையே அற்ற கார்பன் மோனாக்சைடு என்னும் விஷவாயுவுக்கு இரையாகும் அபாயம் நேர்ந்தது. பனியைவிட இதற்குத்தான் அதிகாரிகள் அதிகமாய் அஞ்சினார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. எச்சரிக்கைமேல் எச்சரிக்கை விட்டவண்ணம் இருந்தார்கள்.

விளக்கு எரியத் தொடங்கிய பின்னும் வழக்குத் தீரவில்லை. தெருக்கம்பி மின்வாரியத்துடையது, வீட்டுச்சுவரை ஒட்டி அக்கம்பியை வாங்கும் குழாயோ வீட்டுக்காரருடையது. கிளை விழுந்து அக்குழாய் பெயர்ந்திருந்தால், உரிமம் பெற்ற மின்பணியாளரைத் தம் செலவில் தேடிப் பிடித்துச் சீர்செய்த பின்னரே இணைப்புக் கிடைக்கும் என்ற விதியை அநேகர் அன்றுதான் அறிந்தனர். தோட்டத்து மரம் சாலைக்கம்பியின்மேல் சாய்ந்தால் வெட்டவேண்டியது யார் என்று வாதாடிப் பழகிய பாலிக் புலாவ்க்காரர்களுக்கு இந்தத் தகராறு மட்டும் உடனே புரியும்.