முதல் புத்தகத்தில் கடலுக்கு எல்லை, கடைசிப் புத்தகத்தில் கடலே இல்லை: பைபிளில் ஏன் இப்படி?

சென்னையிலிருந்து ஈசிஆரில் புதுச்சேரிக்குப் போகிறவர்கள் மரக்காணத்தை மிஸ் பண்ண முடியாது. பாத்தி பாத்தியாகத் தேங்கிய தண்ணீர், வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல். கடலையும் உப்பையும் மீனையும் நம்பி ஓடும் பிழைப்பு.

இப்படி ஒரு கடற்கரையில் பைபிள் வாசிப்பவர், அதன் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தலில் 21-ம் அதிகாரத்துக்கு வந்ததும் கொஞ்சம் நின்றுவிடுவார். புதிய வானமும் புதிய பூமியும் வரும் என்கிற அந்த அதிகாரம், அங்கே கடல் இருக்காது என்றும் சொல்கிறது. கடல் இல்லைன்னா அது நல்ல செய்தியா?

இதற்கான பதில் முதல் புத்தகத்தில் இருக்கிறது.

ஒன்றல்ல, இரண்டு கதைகள்

ஆதியாகமத்தில் (கத்தோலிக்கர்களுக்கு தொடக்கநூல்) படைப்பு இரண்டு விதமாகச் சொல்லப்படுகிறது. முதல் அதிகாரத்தில் ஆறு நாள் கணக்கு. எங்கும் இருளும் ஆழமான தண்ணீரும். கடவுள் தண்ணீரைப் பிரிக்கிறார், ஒதுக்குகிறார், தரை தெரிகிறது. கடைசியில் ஆணும் பெண்ணும் சேர்ந்தே படைக்கப்படுகிறார்கள்.

இரண்டாம் அதிகாரத்தில் நிலைமை தலைகீழ். முதலில் வறண்ட நிலம். மண்ணிலிருந்து மனிதன், பிறகு தோட்டம், விலங்குகள், கடைசியாகப் பெண்.

முதல் கதை கி.மு. 6-ம் நூற்றாண்டை ஒட்டி, யூதர்கள் பாபிலோனுக்கு நாடு கடத்தப்பட்ட காலத்தில் இன்றைய வடிவம் பெற்றது என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. பாபிலோன் கதையில் மர்துக் என்ற கடவுள், கடல் தெய்வமான தியாமத்தோடு சண்டை போட்டு ஜெயித்து உலகை உண்டாக்குகிறார். ஆதியாகமத்தில் சண்டையே இல்லை. ஒரு சொல் போதும், தண்ணீர் விலகிவிடுகிறது. ஆனாலும் கட்டுக்கடங்காத தண்ணீர் என்றால் குழப்பம், ஆபத்து என்ற அர்த்தம் மட்டும் தங்கிவிட்டது.

புதிய ஏற்பாடு என்ன செய்தது?

அதை எழுதியவர்கள் பழைய கதைகளைத் தூக்கிப் போடவில்லை, புதிதாக வாசித்தார்கள். மணமுறிவு பற்றிக் கேட்டபோது இயேசு இரண்டு கதைகளிலிருந்தும் ஒவ்வொரு வரி எடுத்துச் சேர்த்தே பதில் சொல்வதாக மத்தேயு எழுதுகிறார். பவுல், ஆதாம் வழியாக மரணம் வந்தது, கிறிஸ்து வழியாக வாழ்வு வந்தது என்று ஒப்பிடுகிறார். அதே கதையை வாசிக்கும் யூத மரபில் இந்த ஒப்பீடு கிடையாது.

யோவான் இன்னும் நேரடி. கிரேக்க ஆதியாகமம் எந்த இரண்டு சொற்களில் தொடங்குகிறதோ, அதே சொற்களில்தான் அவர் நற்செய்தியும் தொடங்குகிறது. தமிழிலும் அப்படியே. பழைய மொழிபெயர்ப்பில் இரண்டுக்கும் முதல் சொல் ‘ஆதியிலே’, 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பில் ‘தொடக்கத்தில்’.

மாற்கு 4-ம் அதிகாரத்தில் புயலில் படகு ஆடுகிறது. இயேசு அதட்ட, தண்ணீர் அடங்குகிறது. சீடர்களுக்கு அதன் பிறகுதான் பயம் கூடுகிறது. தண்ணீருக்குக் கட்டளை போடுவது யார் வேலை என்று அவர்களுக்குத் தெரியும்.

தமிழில் வரிசை மாறியது

இதே கடற்கரையில் தெற்கே இருக்கும் தரங்கம்பாடிக்கு 1706-ல் சீகன்பால்க் வந்தார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1714-15-ல் அச்சானது. பழைய ஏற்பாட்டில் ரூத் புத்தகம் வரை வந்திருந்தபோது, 1719-ல் அவர் இறந்தார். மீதியை பெஞ்சமின் சூல்ட்ஸ் முடித்து, 1728-க்குள் முழுவதும் அச்சேறியது. அதாவது, அச்சில் தமிழர்களுக்கு யோவானின் ‘ஆதி’ முதலில் வந்தது, ஆதியாகமத்தின் ‘ஆதி’ பிறகு வந்தது.

சரி, கடல் எங்கே போனது?

வெளிப்படுத்தலின் கடைசி இரண்டு அதிகாரங்கள் ஆதியாகமத்தைத் திரும்ப எழுதுவது போலவே இருக்கும். ஏதேனில் இருந்த வாழ்வின் மரம் மறுபடி வருகிறது, ஆறும் வருகிறது. இரவு இல்லை, சூரியனும் தேவையில்லை. மரணமும் கண்ணீரும் இல்லை. அந்தப் பட்டியலில்தான் கடலும் சேர்கிறது. அதே புத்தகத்தின் 13-ம் அதிகாரத்தில் கொடிய மிருகம் கடலிலிருந்துதான் ஏறி வருகிறது. எழுதியவரும் பத்மு என்ற தீவில் இருந்தவர், நான்கு பக்கமும் கடல்.

எனவே இதைப் புவியியல் தகவலாகப் பார்க்க வேண்டியதில்லை என்பதே பல விளக்கவுரையாளர்களின் நிலைப்பாடு. போகப்போவது மீனும் உப்பும் தரும் கடல் இல்லை, ஆளை விழுங்கும் கடல்.

2004 டிசம்பர் 26 சுனாமியைப் பார்த்த கரை இது. பாத்திக்குள் அடங்கிய கடல்நீர் சோறு போடும், வரம்பு மீறினால் வீட்டையே எடுத்துக்கொண்டு போகும். இந்த வித்தியாசத்தை மரக்காணத்தில் யாருக்கும் விளக்கவுரை வைத்துச் சொல்லித்தர வேண்டியதில்லை.