துண்டுவாரி அடர்த்திச் சார்பும் குவிவுப் பரவல் சார்பும்

0 முதல் 1 வரை சீராகப் பரவிய, ஒன்றையொன்று சாராத இரு சமவாய்ப்பு மாறிகளின் கூடுதலைக் கருதுக. அதன் நிகழ்தகவு அடர்த்திச் சார்பு இரு துண்டுகளால் ஆனது. 0 முதல் 1 வரை, மாறியின் மதிப்பே அடர்த்தி. 1 முதல் 2 வரை, 2-இலிருந்து அம்மதிப்பைக் கழிக்கக் கிடைப்பது அடர்த்தி. பிற இடங்களில் 0.

இதன் குவிவுப் பரவல் சார்பைக் காண்கையில், இரண்டாம் துண்டை மட்டும் தொகையிட்டு நிறுத்துவது பொதுவான பிழை. அவ்வாறு செய்தால் 1.5-இல் கிடைப்பது 0.375. ஆனால் முதல் துண்டின் பரப்பே 0.5 ஆதலால், 1-இல் 0.5 ஆக இருந்த சார்பு 1.5-இல் குறைந்துவிடுகிறது. குவிவுப் பரவல் சார்பு எங்கும் குறையாது என்னும் பண்புக்கு இது முரண். முதல் துண்டின் பரப்பையும் கூட்டினால் 0.875 என்னும் சரியான விடை கிடைக்கும்.

துண்டு மாறினும் குவிவு புதிதாகத் தொடங்குவதில்லை. 2-இல் மதிப்பு 1 ஆகிறதா எனச் சரிபார்த்தால், இப்பிழை உடனே வெளிப்படும்.