எஃப்.எல்.பி. பெட்டிக்கு ஏற்ற கிளாண்ட்

தாம்பரத்தைத் தாண்டித் தெற்கே போனால் ஜி.எஸ்.டி. சாலையோரம் பெட்ரோல் பங்குகள், மறைமலைநகர்ப் பக்கம் பெயிண்ட் அடிக்கும் கூடங்கள், திருப்போரூரை ஒட்டி ஆலத்தூரில் சிட்கோ மருந்துத் தொழிற்பேட்டை. மருந்து ஆலைகளில் டொலுயின், அசிட்டோன், மெத்தனால் போன்ற கரைப்பான்கள் புழங்கும். இப்படி எளிதில் தீப்பற்றும் ஆவி உலவும் இடங்களில், சுற்றிலும் போல்ட் வைத்த கனத்த வார்ப்புப் பெட்டிகளைப் பார்க்கலாம். எலெக்ட்ரீஷியன்கள் அவற்றை எஃப்.எல்.பி. என்பார்கள். ஃபிளேம்ப்ரூஃப் என்பதன் சுருக்கம்.

அந்தப் பெட்டிக்குள் ஆவி நுழையவே முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். நுழையும். பகலில் சூடாகி இரவில் குளிரும்போது பெட்டி வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. காற்றோடு ஆவியும் வருகிறது. உள்ளே கான்டாக்டர் ஒரு பொறியைத் தட்டினால் வெடிக்கும். அந்த வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்குவதுதான் பெட்டியின் வேலை. மூடிக்கும் உடலுக்கும் இடையிலுள்ள மிகக் குறுகிய இடுக்கு வழியே வெளியேறும் சூடான வாயு, உலோகத்தில் வெப்பத்தை இழந்து, வெளியே இருக்கும் ஆவியைப் பற்றவைக்க முடியாத அளவுக்கு ஆறிவிடுகிறது.

இதைப் புரிந்துகொண்டால் கிளாண்டைப் பற்றிய மற்றதெல்லாம் தெளிவாகும். கேபிள் நுழைவதற்காகப் பெட்டியில் போட்ட துளை, வெடிப்பு வெளியே வர ஏற்ற வழியும்கூட. கேபிளைப் பிடித்தபடி அந்தத் துளையை அடைக்கும் கிளாண்ட் பெட்டிச் சுவரின் ஒரு பகுதி. சுவர் தாங்கும் அழுத்தத்தை அதுவும் தாங்க வேண்டும், சுவரைப் போலவே தீயையும் தடுக்க வேண்டும். பல ஆயிரம் கொடுத்து வாங்கிய பெட்டியில் மழைநீரை மட்டும் தடுக்கும் சாதாரண கிளாண்டை மாட்டினால், அந்தப் பெட்டியின் சான்றிதழுக்கு மதிப்பே இல்லை.

மின்பொறி என்ன செய்யும் என்பதற்கு 2009 அக்டோபர் 29 அன்று ஜெய்ப்பூரின் சீதாபுராவில் நடந்தது போதும். இந்தியன் ஆயில் கிடங்கில் கசிந்த பெட்ரோல் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக ஆவியாகப் பரவிப் பிறகு வெடித்தது. 11 பேர் இறந்தார்கள். விசாரித்த எம்.பி.லால் குழு, தீ மூண்டதற்கான வாய்ப்புகளாக நிர்வாகக் கட்டடத்தில் இருந்த ஃபிளேம்ப்ரூஃப் அல்லாத மின்கருவிகளையும், ஸ்டார்ட் செய்யப்பட்ட ஒரு வாகனத்தையும் குறிப்பிட்டது.

சரி, எப்படித் தேர்ந்தெடுப்பது? கடையில் போய் ‘எஃப்.எல்.பி. கிளாண்ட் கொடுங்கள்’ என்று கேட்பதற்கு முன்னால் ஆலையின் ஏரியா கிளாசிஃபிகேஷன் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். ஆவி எப்போதும் இருக்கும் இடம் ஜோன் 0. வழக்கமான இயக்கத்திலேயே வரக்கூடிய இடம் ஜோன் 1. ஏதாவது கோளாறானால் மட்டும், அதுவும் கொஞ்ச நேரமே இருக்கும் இடம் ஜோன் 2. ஃபிளேம்ப்ரூஃப் பெட்டிகள் பெரும்பாலும் ஜோன் 1-லும் 2-லும் வருகின்றன. அடுத்தது வாயுவின் பிரிவு. பெட்ரோல், புரொப்பேன், அசிட்டோன் எல்லாம் டூ-ஏ. எத்திலீன் டூ-பி. ஹைட்ரஜனும் அசிட்டிலீனும் டூ-சி. இவற்றின் தீ மிக நுண்ணிய இடுக்கிலும் புகுந்து வெளியேறும். டூ-சி சான்று பெற்ற கிளாண்ட் மற்ற இரண்டுக்கும் பொருந்தும். டூ-ஏ கிளாண்டை ஹைட்ரஜன் இருக்கும் இடத்தில் மாட்டவே கூடாது.

பிறகு கேபிள். இங்கேதான் அதிகம் சறுக்குகிறார்கள். ஆர்மர் கேபிளில் இரண்டு விட்டங்களை அளக்க வேண்டும்: வெளி உறையுடையது ஒன்று, ஆர்மர் கம்பிகளுக்கு அடியில் இருக்கும் உள் உறையுடையது இன்னொன்று. டபுள் கம்ப்ரெஷன் கிளாண்டில் ஒரு ரப்பர் வளையம் உள் உறையையும் மற்றொன்று வெளி உறையையும் இறுக்குகிறது. நடுவில் ஆர்மர் பிடிபட்டு எர்த் தொடர்ச்சி கிடைக்கிறது. தீயைத் தடுப்பது உள் உறையைப் பிடிக்கும் வளையம்தான். அது தளர்வாக இருக்கிறதென்று இன்சுலேஷன் டேப் சுற்றி அளவைக் கூட்டுவது ஆபத்தான வழக்கம். கேபிளுக்குச் சரியான அளவு கிளாண்டை வாங்குங்கள். இன்னொன்றும் நினைவிருக்கட்டும்: டபுள் கம்ப்ரெஷன் என்ற பெயர் மட்டும் ஃபிளேம்ப்ரூஃப் ஆக்கிவிடாது. வெறும் வெதர்ப்ரூஃப் டபுள் கம்ப்ரெஷன் கிளாண்டுகளும் அதே பித்தளை மினுமினுப்போடு விற்கின்றன. உடலில் சான்றிதழ் எண் பொறித்திருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

வெளியிலிருந்து பிடிக்கும் வளையம் கேபிளின் உள்ளே இருக்கும் காலி இடத்தை அடைக்காது. கோர்களுக்கு நடுவே இடைவெளி இருந்தால், வெடிப்பு கேபிளுக்குள்ளேயே பயணம் போகும். அதனால்தான் நிறுவுதலுக்கான ஐ.எஸ்./ஐ.இ.சி. 60079-14 தரம், வளையக் கிளாண்டைப் பயன்படுத்த வேண்டுமானால் கேபிள் உருண்டையாக, உள்ளே நெருக்கமாக நிரப்பப்பட்டதாக, குறைந்தது 3 மீட்டர் நீளமுள்ளதாக இருக்க வேண்டும் என்கிறது. இல்லையென்றால் பேரியர் கிளாண்ட். அதில் உறையை உரித்து, கோர்களைப் பிரித்து, ஒவ்வொன்றைச் சுற்றியும் பிசின் கலவையைத் திணித்து இறுக விட வேண்டும். நேரம் பிடிக்கும் வேலை. தயாரிப்பாளர் சொன்ன நேரம் முடியும்வரை மின்சாரம் கொடுக்கக் கூடாது. ஹைட்ரஜன், அசிட்டிலீன் இருக்கும் இடங்களில் சந்தேகம் வந்தால் பேரியரையே தேர்வு செய்யுங்கள் என்பேன். கூடுதல் செலவு நியாயமானது.

திரெட் விஷயம் சின்னதாகத் தெரியும். பெட்டித் துளை எம்20-ஆ, அரை இஞ்ச் என்.பி.டி.யா, முக்கால் இஞ்ச் இ.டி.யா என்று பார்க்காமல் வாங்கிவிட்டு, கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிவதால் முறுக்கி ஏற்றுவார்கள். குறைந்தது ஐந்து முழுத் திரெட்டாவது கவ்வியிருக்க வேண்டும். தேவையென்றால் சான்று பெற்ற அடாப்டர் ஒன்றே ஒன்று போடலாம். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கக் கூடாது. பயன்படாத துளைகளைச் சான்று பெற்ற உலோக ஸ்டாப்பிங் பிளக் கொண்டு மூட வேண்டும். பெட்டியோடு வரும் பிளாஸ்டிக் மூடி, கொண்டுவரும் வழியில் தூசி புகாமல் இருக்க மட்டுமே.

நம் ஊருக்கென்று இரண்டு கவலைகள் உண்டு. முதலாவது வெயில். தனியாகக் குறிப்பிடாத எஃப்.எல்.பி. கருவிகள் 40 டிகிரி சுற்றுப்புற வெப்பத்துக்கே சான்று பெற்றவை. 2003 மே மாதம் சென்னையில் வெப்பம் 45 டிகிரியைத் தொட்டது. கூரையிலும் திறந்தவெளியிலும் வைப்பவற்றுக்கு 50, 55 டிகிரி என்று குறித்திருப்பதைக் கேட்டு வாங்குவது நல்லது. கிளாண்டுக்கு மோட்டாரைப் போல டி3, டி4 என்ற வெப்ப வகுப்பு கிடையாது. குறிப்பு இல்லையென்றால் மைனஸ் 20 முதல் 80 டிகிரி வரை அதன் எல்லை. சூடான மோட்டார் டெர்மினல் பெட்டியில் இதைச் சரிபார்க்க வேண்டும். இரண்டாவது கடல் காற்று. கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய இடங்களில், அலுமினியப் பெட்டியில் வெறும் பித்தளை கிளாண்ட் இருந்தால் உப்பு ஈரம் இரண்டுக்கும் நடுவே அரிப்பை உண்டாக்கும். நிக்கல் பூசியதோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ தேவைப்படும்.

பெட்ரோலியப் பொருள்களைக் கையாளும் இடமென்றால், நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெசோவின் (பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின்) ஒப்புதல் உள்ள கருவிகளே செல்லும். ஆர்டரில் வாயுப் பிரிவு, ஜோன், கேபிளின் இரு விட்டங்கள், ஆர்மர் வகை, திரெட், ஐ.பி.66 என்ற பாதுகாப்பு அளவு ஆகியவற்றை எழுதுங்கள். சான்றிதழ் நகலைச் சரக்கோடு கேளுங்கள். அதன் எண்ணின் கடைசியில் எக்ஸ் என்ற எழுத்து இருந்தால் தனி நிபந்தனை ஏதோ உண்டு என்று பொருள். மாட்டுவதற்கு முன்பே அதைப் படித்துவிட வேண்டும்.