லோடு வண்டியின் மூக்கு

பெரம்பூரில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் புகை நினைவிருக்கும். சரக்கு ரயிலை இழுக்கக் கிளம்பும் டீசல் எஞ்சின் முதலில் ஓர் உறுமல் உறுமும். கூரைக்கு மேல் கருகருவென்று ஒரு புகைத்தூண் எழும். கொஞ்ச நேரத்தில் அந்த உறுமலுக்குள்ளிருந்து மெல்லிய விசில் ஒன்று ஏறிவரும். புகை வெளுத்து, காணாமல் போய்விடும். மாடியில் துணி காயப்போட்டவர்கள் திட்டுவார்கள். பிள்ளைகள் வாய்பிளந்து பார்ப்பார்கள்.

அந்த விசில்தான் டர்போ. 1962 முதல் இந்திய ரயில்வேயில் ஓடிய டபிள்யூடிஎம்-2 எஞ்சினுக்கு 16 சிலிண்டர், 2,600 குதிரைத் திறன். ஓட்டுநர் கைப்பிடியை ஏற்றியதும் டீசல் உடனே கூடிவிடும். காற்று கூடாது, டர்போ சுழன்று வேகம் பிடிக்க நேரம் எடுக்கும். அந்த இடைவெளியில் போதிய காற்று கிடைக்காமல் அரைகுறையாக எரிந்த டீசல்தான் கரும்புகையாக வெளியே வந்தது. இன்று மூலக்கடையிலும் வியாசர்பாடியிலும் சரக்கு ஏற்றி நிற்கும் பிக்கப் வண்டிகளுக்குள் இருப்பது இதே ஏற்பாட்டின் கைக்கு அடக்கமான வடிவம்.

2005இல் வந்த முதல் டாடா ஏஸுக்கு, நம் ஊர் வாய்மொழியில் குட்டியானைக்கு, டர்போ கிடையாது. 702 சிசி, இரண்டு சிலிண்டர், 16 குதிரைத் திறன். தானாக எவ்வளவு காற்றை உறிஞ்ச முடியுமோ அவ்வளவுதான். 2011இல் வந்த அசோக் லேலண்ட் தோஸ்த் 1.5 லிட்டர், மூன்று சிலிண்டர் டர்போ டீசல். மஹிந்திரா பொலேரோ பிக்கப்பில் இருப்பது 2.5 லிட்டர் டர்போ. சென்னைக்கு வடக்கே ஸ்ரீசிட்டியில் 2016 முதல் தயாராகும் இசுசு டி-மேக்ஸ் குடும்பத்தில், 1.9 லிட்டர் எஞ்சினிலிருந்து 163 பிஎஸ் திறனைக் கறக்கிறார்கள். சின்ன வயிறு, பெரிய பசி. காற்றைத் திணிக்காமல் இது நடக்காது.

எவ்வளவு காற்று? ஒரு லிட்டர் டீசல் ஏறக்குறைய 830 கிராம். அது முழுதாக எரிய எடையில் 14.5 மடங்கு காற்று வேண்டும், அதாவது 12 கிலோ. காற்றில் 12 கிலோ என்பது 10,000 லிட்டர். தெருவுக்கு வரும் மெட்ரோ வாட்டர் லாரியில் 9,000 லிட்டர் கொள்ளும் என்று வைத்தால், ஒரு லிட்டர் டீசலுக்கு ஒரு லாரி நிறையக் காற்று போதாது. இது கணக்குப்படி ஆகும் குறைந்தபட்சம். புகை கக்காமல் ஓட டீசல் எஞ்சின் இதைவிடத் தாராளமாகவே இழுக்கும்.

சிலிண்டரிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து அழுத்தி உள்ளே தள்ளும். வீணாகப் போகிற புகையே எஞ்சினுக்கு மூச்சுக் கொடுக்கிறது. ஆல்ஃபிரட் பியூக்கி என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளர் 1905இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1920களில் அது முதலில் போய் உட்கார்ந்தது கப்பல் எஞ்சின்களில். லோடு வண்டியின் டர்போ நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றையும் தாண்டிச் சுழலும். அந்த வேகத்தில் ஒரு மணல் துகள் மோதினால் என்ன ஆகும் என்பதைக் கொஞ்சம் தள்ளிப் பார்ப்போம்.

காற்றை அழுத்தினால் சூடேறும். சைக்கிள் பம்ப்பின் அடியைத் தொட்டவர்களுக்குத் தெரியும். 35 டிகிரி காற்றை டர்போ இரண்டு மடங்கு அழுத்தத்துக்கு ஏற்றினால் அது 130 டிகிரியை ஒட்டி வெளியே வரும். சூடான காற்று மெலிந்த காற்று. அதே இடத்தில் ஆக்சிஜன் குறைவு. அதனால் வழியில் இன்டர்கூலர் வைத்து ஆற்றுகிறார்கள். 60 டிகிரிக்கு இறக்கிவிட்டால் காற்றின் அடர்த்தி 20 சதவீதம் கூடிவிடும். எந்தக் கடையிலும் விலைக்குக் கிடைக்காத லாபம் இது, வண்டியோடு சும்மா வந்தது.

கடையில் விற்பது வேறு. ஜி.பி. ரோட்டில் ஒரு நடை போனால் பார்க்கலாம்: கூம்பு வடிவச் சிவப்பு ஃபில்டர், பளபளக்கும் அலுமினியக் குழாய், சிலிக்கான் ஹோஸ். கம்பெனி பொருத்திய கறுப்பு பிளாஸ்டிக் பெட்டியைக் கழற்றிவிட்டு இதை மாட்டினால் வண்டி நன்றாக மூச்சுவிடும், பிக்கப் ஏறும் என்பார்கள். மாதவரம் நெடுஞ்சாலைப் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இதே கேள்வியோடு ஒரு தம்பி வந்து நின்றதைப் பார்த்தேன்.

"ணா, லோடு ஏத்துனா வண்டி இழுக்கவே மாட்டேங்குது. ஓப்பன் ஃபில்டர் போட்டா சரியாயிடுமா?"

மெக்கானிக் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சவுண்டு நல்லா வரும்பா."

அந்தப் பதிலில் பாதிக்குமேல் உண்மை. சுத்தமான காகித ஃபில்டர் காற்றுக்குக் கொடுக்கும் தடை ஒன்று, இரண்டு கிலோபாஸ்கல்தான். வளிமண்டல அழுத்தமே 101 கிலோபாஸ்கல். தடையே இல்லாத ஃபில்டர் ஒன்று இருந்து அதை மாட்டினாலும் மிஞ்சுவது ஒன்றிரண்டு சதவீதம். டர்போ வண்டியில் அந்த மிச்சமும் கைக்கு வராது. உள்ளே எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பதை எஞ்சினின் கணினி ஒரு சென்சார் வைத்துப் பார்த்து நிறுத்திவிடும். தடை குறைந்தால் டர்போ கொஞ்சம் மெதுவாகச் சுழன்று அதே அழுத்தத்தைக் கொடுக்கும், அவ்வளவே. டீசல் எஞ்சினின் பலத்தைக் கூட்டுவது டீசலின் அளவு. அதைக் கணினி கூட்டாதவரை கூடுதல் காற்று வெறும் விருந்தாளி. பெட்ரோல் பந்தயக் கார்களில் பலித்த ஒரு வைத்தியத்தை லோடு வண்டிக்கு எழுதிக் கொடுக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

நஷ்டம் எங்கே என்றும் பார்க்கலாம். கம்பெனி பெட்டி காற்றை இழுப்பது பானட்டுக்கு வெளியிலிருந்து, கிரில் ஓரத்திலிருந்தோ மட்கார்டு பக்கத்திலிருந்தோ. பெட்டியை எடுத்துவிட்டு எஞ்சின் பக்கத்தில் கூம்பைத் தொங்கவிட்டால் அது இழுப்பது எஞ்சின் சூட்டில் வெந்த காற்றை. துறைமுகத்துக்கு வெளியே கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மணிக்கணக்கில் நகர்ந்து நகர்ந்து போகும் வண்டியின் பானட்டுக்குள் 60 டிகிரி சாதாரணம். வெளியே 35 என்றால், உள்ளே இருக்கும் காற்று ஏழெட்டு சதவீதம் மெலிந்தது. ஒரு சதவீதத்தைப் பிடிக்கப் போய் ஏழைக் கோட்டைவிடுவதா? இன்டர்கூலர் இதில் கொஞ்சத்தை மீட்கும், முழுவதையும் அல்ல. சூட்டைத் தடுக்கத் தகடு வைத்த நல்ல கிட்களும் உண்டு. அவற்றை உற்றுப் பார்த்தால், கழற்றி எறிந்த பிளாஸ்டிக் பெட்டியைத்தான் தகரத்தில் திரும்பச் செய்து வைத்திருப்பார்கள்.

வட சென்னைக்கு இது தூசிப் பிரச்சினையும்கூட. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாண்ட காலத்தில் ராயபுரம் வீடுகளின் சன்னல் விளிம்பெல்லாம் கறுத்துக் கிடக்கும். உயர் நீதிமன்ற உத்தரவால் 2011இல் நிலக்கரி எண்ணூருக்குப் போனது. தூசி இடம் மாறியதே தவிர ஒழியவில்லை. எண்ணூர் நெடுஞ்சாலையின் மண், சாம்பல், சிமென்ட் பொடி, மணலிச் சாலையில் லாரிச் சக்கரங்கள் கிளப்பும் புழுதி எல்லாம் பிக்கப்பின் மூக்குக்கு நேரே வருகின்றன. சாலைப் புழுதியில் சிலிக்கா உண்டு; அது இரும்பையும் அலுமினியத்தையும் தேய்க்கும் கடினம். கண்ணுக்குத் தெரியும் துகளைவிட ஐந்து முதல் இருபது மைக்ரான் வரையுள்ள நுண்துகள்தான் ஆபத்து. தலைமுடியின் தடிமன் 70 மைக்ரானை ஒட்டியது என்று ஓர் அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்த நுண்துகள் பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே இருக்கும் எண்ணெய்ப் படலத்தில் புகுந்து இரண்டையும் அரைக்கும். டர்போவின் இறக்கை நுனிகளை அரிக்கும். எஞ்சின் ஆயில் குடிக்க ஆரம்பிக்கும்போதுதான் முதலாளிக்கு விஷயம் தெரியவரும்.

காகித ஃபில்டரைப் பற்றி வியப்பான செய்தி ஒன்று: புதிதாக இருக்கும்போது பிடிப்பதைவிட, கொஞ்சம் தூசி படிந்த பிறகு அது நன்றாகப் பிடிக்கும். படிந்த தூசியே இன்னொரு வடிகட்டியாகிவிடுகிறது. இது தெரியாமல் பத்து நாளைக்கு ஒருமுறை பஞ்சர் கடையில் ஏர் அடித்துச் சுத்தம் செய்பவர்கள் நல்ல ஃபில்டரைக் கெடுக்கிறார்கள். அந்த வேகத்தில் காகிதத்தில் ஊசித்துளைகள் விழும், மடிப்பு கிழியும். தட்டிப் பார்த்தால் தூசி உதிரும், ஆகவே சுத்தம் என்று தோன்றும்.

சிவப்புக் கூம்பு வேறு இனம். பருத்தித் துணியை எண்ணெயில் ஊறவைத்துக் கம்பி வலைக்குள் மடித்தது. (பி அண்ட் சி மில் இருந்த பெரம்பூருக்குப் பருத்தியைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை, 1996இல் மில் மூடும்வரை இந்த ஊரின் சங்கு அதுதான்.) கழுவித் திரும்பப் பயன்படுத்தலாம் என்பது அதன் பெருமை. காற்று தாராளமாகப் போக இழைகளுக்கு நடுவே இடம் விட்டிருக்கிறார்கள். அந்த இடம் காற்றுக்கு மட்டும் சொந்தமில்லை. கழுவியபின் எண்ணெய் குறைவாகத் தடவினால் தூசி உள்ளே போகும். கூடுதலாகத் தடவினால் எண்ணெய்த்துளி பறந்து, உள்ளே வரும் காற்றை அளக்கும் சென்சாரின் மெல்லிய சூடேற்றிய இழையில் படியும். சென்சார் தப்புக் கணக்குச் சொல்லும். மீட்டரில் எஞ்சின் விளக்கு எரியும்.

அடுத்தது தண்ணீர். சில கிட்கள் குளிர்ந்த காற்றுக்காகக் குழாயைப் பம்பர் வரைக்கும் கீழே இறக்குகின்றன. உலர்ந்த ஊருக்கு நல்ல யோசனை. கணேசபுரம் சுரங்கப்பாதையில் எத்தனை மழைக்குத் தண்ணீர் நின்றிருக்கிறது என்று வியாசர்பாடிக்காரரைக் கேளுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வடக்கே பல தெருக்களில் இடுப்பளவு. 2.5 லிட்டர் எஞ்சினின் ஒரு சிலிண்டர் 630 சிசி. அழுத்த விகிதம் 17 என்றால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிஞ்சும் இடம் 40 மில்லிக்கும் குறைவு. அரை டீ கிளாஸ். அதற்குமேல் தண்ணீர் உள்ளே போனால், தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராட் வளையும்.

இதற்கு மாறாகக் குழாயை மேலே, கண்ணாடி ஓரமாகக் கூரை உயரத்துக்குக் கொண்டுபோவதுதான் ஸ்னார்கெல். டி-மேக்ஸ் வைத்திருப்பவர்கள் ஆசையாக மாட்டுவது. காற்று மாற்றங்களில் இந்த ஊருக்குப் பொருந்துவது இது ஒன்றுதான் என்பேன், அதுவும் தண்ணீருக்காக மட்டுமல்ல: சக்கரம் கிளப்பும் புழுதி மேலே குறைவு. ஆனால் ஃபில்டர் பெட்டி வரை ஒவ்வொரு இணைப்பும் தண்ணீர் புகாமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கொம்பு மேலே, ஓட்டை கீழே. வயரிங்குக்கோ கியர் பாக்ஸுக்கோ ஸ்னார்கெல் காவல் இல்லை.

சட்டமும் பார்த்துக்கொண்டிருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை அழுத்திச் சொன்னது. அதே ஆண்டுத் திருத்தத்தில், அனுமதிக்கப்படாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ என்று வந்தது. தகுதிச் சான்றுக்காக (எஃப்.சி.) நிற்கும் லோடு வண்டிக்கு இது சின்ன விஷயமில்லை.

ஒர்க்‌ஷாப் தம்பியின் வண்டிக்கு வருவோம். மெக்கானிக் பானட்டைத் திறந்தார். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸின் கிளாம்பைச் சுற்றிக் கறுப்பாக, பிசுபிசுவென்று ஒரு வளையம். சோப்புத் தண்ணீரைத் தெளித்து, தம்பியை உட்கார்ந்து ரேஸ் கொடுக்கச் சொன்னார். நுரை பொங்கியது. டர்போ சிரமப்பட்டு அழுத்திய காற்று அங்கேதான் தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது. லோடு ஏற்றினால் இழுக்காததும், பின்னால் புகை தள்ளியதும் அதனால்தான். ஹோஸையும் கிளாம்பையும் மாற்றினார். இன்டர்கூலர் இடுக்கில் அடைத்திருந்த மண்ணையும் பூச்சிகளையும் மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவினார்.

கடைசியில் ஃபில்டர் பெட்டியைத் திறந்து, ஃபில்டருக்கு அப்பால், எஞ்சின் பக்கத்துக் குழாயின் உட்புறத்தில் விரலைத் தேய்த்துத் தம்பியிடம் நீட்டினார். விரல் நுனியில் மண் இல்லை.

"ஃபில்டர் தன் வேலையைப் பாத்துனுதான் கீது. அத்த விட்டுடு."

தம்பி அரை மனதாகத் தலையாட்டினார். கிளம்பும்போது, சத்தத்துக்காகவாவது அந்தக் கூம்பு என்ன விலை வரும் என்று கேட்டுவிட்டுத்தான் போனார்.