தியெனேயா, தெங்காவா?

தில்லியில் பல ஆண்டுகளாக ஸ்பானிஷ் கற்பித்து வருகிறேன். நம் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளும் அதைப் படிக்கிறார்கள். செர்வாந்தஸ் நிறுவனத்தின் ‘தெலே’ தேர்வும் எழுதுகிறார்கள். அத்தேர்வின் பி1 நிலையில் அவர்கள் திணறும் இடம் ‘சுப்ஹுந்திவோ’ என்னும் வினை வடிவம். பெற்றோர் தமிழைக் கொண்டே இதற்கு உதவலாம் என்பது என் அனுபவம்.

‘தெனேர்’ என்ற வினையைப் பாருங்கள். ‘தெங்கோ’ என்றால் என்னிடம் இருக்கிறது. ‘தியெனே’ என்றால் அவரிடம் இருக்கிறது. தெங்கோவின் ஓகாரத்தை நீக்கி ஆகாரம் சேர்த்தால் சுப்ஹுந்திவோ: தெங்கா (நான்), தெங்காஸ் (நீ), தெங்கா (அவர்), தெங்காமோஸ் (நாம்), தெங்காய்ஸ் (நீங்கள் பலர்), தெங்கான் (அவர்கள்).

எப்போது எது? உள்ளதைச் சொன்னால் தியெனே. விரும்புவதையோ ஐயுறுவதையோ சொன்னால் தெங்கா. ஆங்கிலம் பெரும்பாலும் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொள்வதால் பிள்ளைகள் குழம்புகிறார்கள். தமிழில் கேளுங்கள்:

‘மொட்டை மாடி உள்ள அந்த வீட்டைத் தேடுகிறேன்.’ வீடு ஏற்கெனவே தெரிந்தது. ஆகவே, ‘புஸ்கோ லா காசா கே தியெனே தெர்ராசா.’

‘மொட்டை மாடி உள்ளதாக ஒரு வீடு தேடுகிறேன்.’ அப்படியொரு வீடு கிடைக்குமோ, கிடைக்காதோ! ஆகவே, ‘புஸ்கோ உனா காசா கே தெங்கா தெர்ராசா.’ இங்கே தியெனே என்றால், மனத்தில் குறிப்பிட்ட ஒரு வீடு இருப்பதாகத் தரகர் எண்ணிக்கொள்வார்.

வாழ்த்தும் அப்படியே. ‘உனக்கு அதிர்ஷ்டம் கிடைக்கட்டும்’ என்பது ‘கே தெங்காஸ் சுவெர்தே.’ நம் ‘-அட்டும்’ செய்யும் வேலையை அங்கே தெங்காஸ் செய்கிறது. ‘நேரம் கிடைக்கும்போது வருவேன்’ என்பதில் நேரம் இன்னும் கிடைக்கவில்லை. எனவே ‘குவாந்தோ தெங்கா தியெம்போ.’

ஓரிடத்தில் மட்டும் எச்சரிக்கை. ‘காய்ச்சல் இருக்கும் என்று நினைக்கிறேன்’ என்று நாம் ஐயத்தோடு சொன்னாலும், ஸ்பானிஷில் ‘நினைக்கிறேன்’ என்பது உறுதியின் பக்கம்: ‘க்ரேயோ கே தியெனே ஃபியெப்ரே.’ ‘நினைக்கவில்லை’ என்றால்தான் மாறும்: ‘நோ க்ரேயோ கே தெங்கா ஃபியெப்ரே.’

‘உள்ள’, ‘உள்ளதாக’ என்ற வேறுபாடு வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்குக் காதிலேயே இருக்கிறது. வேற்று மொழி படிக்கிறதே என்று வீட்டில் தமிழைக் குறைத்துவிடாதீர்கள். அந்த மொழிக்கும் அதுவே துணை.