ஒரு கிராம், மூன்றேகால் கிலோ

எம்.ஜி. மிட்ஜெட் காரின் எஞ்சினுக்குப் பெயர் 1275. சிலிண்டரின் விட்டம் 70.61 மில்லிமீற்றர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 81.28 மில்லிமீற்றர், சிலிண்டர் நான்கு. பெருக்கிப் பார்த்தால் 1,273 சி.சி.தான் வருகிறது. இரண்டு சி.சி. பெரிய விசயமில்லை. ஆனால் பந்தயத்துக்கு எஞ்சின் கட்டப் புறப்பட்டவர், எழுதியிருப்பதை நம்பாமல் தானே அளந்து பெருக்கிப் பார்க்க வேண்டும். முழுக் கணக்கும் அந்தப் பழக்கத்தில்தான் நிற்கிறது.

இது நமக்கு அந்நியமான எஞ்சின் இல்லை. 1951இல் ஒஸ்டின் ஏ30 காரில் 803 சி.சி.யாக வந்த 'ஏ' வரிசை, 2000இல் பழைய மினி நிற்கும்வரை வார்க்கப்பட்டது. மோரிஸ் மைனரில் ஓடியதும் இதன் உடன்பிறப்புத்தான். மோரிஸ் மைனருக்கு வால்வு வைத்துக் கொடுத்த கைக்கு மிட்ஜெட்டைப் பிரிக்கத் தெரியும். மட்டக்களப்பில் நின்று பார்த்தால் தூரந்தான் குறுக்கே நிற்கிறது. 1934 முதல் மலையேற்றப் போட்டி நடந்துவரும் மககஸ்தோட்டை நுவரெலியாவில் இருக்கிறது. விமான ஓடுபாதையில் கார் ஓடும் கட்டுக்குருந்தை, கொழும்பையும் தாண்டிக் களுத்துறைப் பக்கம். அங்கே உடைந்தால் 300 கிலோமீற்றருக்கு மேல் ஏற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். உடையாத எஞ்சினே நமக்கு மலிவான எஞ்சின்.

முதலில் எண்ணிக்கை. பிஸ்டன் 4, வால்வு 8, தள்ளுகோல் 8, ரொக்கர் 8. மெயின் பெயாரிங் 3, பிக்-எண்ட் 4. ஒவ்வொன்றும் இரண்டு பாதியாக வருவதால் 14 துண்டு. கடைசி ரப்பர் சீல்வரை எழுதிவைத்த பிறகே காசைப் பற்றிப் பேச வேண்டும். தவறிய ஒரு சீலுக்காக எஞ்சின் இரண்டு மாதம் வாங்கில் கிடப்பதும் செலவுதான்.

காசு வெளிநாட்டு நாணயத்தில் போகிறது. 2022 மார்ச் முதல் வாரம்வரை டொலர் 203 ரூபாய்க்குள் கட்டிவைக்கப்பட்டிருந்தது. மே மாதத்தில் 360ஐத் தொட்டது. 1,000 டொலர் சாமானுக்கு 2 இலட்சத்து 3 ஆயிரமாக இருந்த விலை, இரண்டே மாதத்தில் 3 இலட்சத்து 60 ஆயிரம். 2024 ஜனவரி 1 முதல் பெறுமதி சேர் வரியும் 15 வீதத்திலிருந்து 18 ஆனது. 3 இலட்சம் ரூபாய்ப் பெறுமதிக்கு அந்த வரி மட்டும் 54,000. கப்பற்கூலியும் சுங்கமும் தனி.

ஆகவே சிலிண்டரைக் கடையும்போது கை அடக்கம் வேண்டும். 20 ஓவர்சைஸ், அதாவது ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 20 பங்கு கூட்டினால் 1,292 சி.சி. 40 என்றால் 1,310. 60 என்றால் 1,329. ஒரேயடியாக 73.5 மில்லிமீற்றருக்குப் போனால் 1,380. கடைசி எண் ஆசை காட்டும்: 8 வீதம் கூடுதல். ஆனால் சுவர் மெலிந்துவிடும். அடுத்த முறை கடைய இரும்பு இருக்காது. தேய்வு 20இல் மறைந்தால் 20இலேயே நிறுத்துங்கள். 40ம் 60ம் பிளொக்கிலேயே சேமிப்பாக இருக்கும். பிஸ்டன் கைக்கு வந்து, அதை மைக்ரோமீற்றரில் அளந்த பிறகுதான் பிளொக் லேத்துக்குப் போக வேண்டும்.

பருவமும் கணக்கில் வரும். புதிதாகக் கடைந்த இரும்பு வாவிக் காற்றில் ஓர் இரவிலேயே பழுப்பேறும். வாடைக் காலத்து ஈரத்தில் பிளொக்கைத் திறந்து வைக்க வேண்டாம். கச்சான் வீசும் மாதங்களில் கடைந்து, அன்றே ஒயில் பூசி, பொலித்தீனில் சுற்றிக் கட்டிவிடுங்கள்.

அடுத்தது அமுக்க விகிதம். மிட்ஜெட் வந்தபோது 8.8. சிலிண்டருக்கு 318.3 சி.சி. என்றால் மேலே மிஞ்சும் இடம் 40.8 சி.சி. 20 ஓவர்சைஸில் சிலிண்டருக்கு 322.9 சி.சி.; அதை 10.5 விகிதத்துக்குக் கொண்டுவர மேலே 34 சி.சி. போதும். வித்தியாசம் 6.8 சி.சி. தேக்கரண்டி ஒன்றில் 5 பிடிக்கும். அவ்வளவுதான் இந்த எஞ்சினுக்கும் பந்தய எஞ்சினுக்கும் இடையில். உயர்தர இரசாயன வகுப்பில் பிடித்த அதே பியூரெட்டும் துளையிட்ட ஒரு கண்ணாடித் தகடும் இருந்தால் நான்கு அறைகளையும் வீட்டு மேசையிலேயே அளந்துவிடலாம்.

10.5க்கு ஒக்ரேன் 95 பெற்றோல் வேண்டும். 2021 டிசம்பரில் லீற்றர் 207 ரூபாய்; 2022 ஜூன் 26இல் 550. பந்தயத்தில் சராசரி 36 கிலோவாட் எடுக்கிறோம், கிலோவாட் மணிக்கு 330 கிராம் எரிகிறது என்று வைத்தால், மணிக்கு 12 கிலோ, ஏறத்தாழ 16 லீற்றர். பழைய விலையில் 3,312 ரூபாய், அந்த ஜூனில் 8,800. அந்த ஆண்டு கியூஆர் பங்கீட்டில் காருக்குக் கிடைத்த வாரம் 20 லீற்றர், ஒன்றேகால் மணி நேரப் பயிற்சிக்குத்தான் காணும்.

இனி நான் எல்லாவற்றிலும் பெரிதாக நினைக்கும் எண்: சுழற்சி. மிட்ஜெட் தன் 65 குதிரைவலுவை நிமிடத்துக்கு 6,000இல் தருகிறது. அந்த வேகத்தில் பிஸ்டன் உச்சியில் நின்று திரும்பும் கணத்தில் அதன் ஒவ்வொரு கிராமும் சுமார் 2.09 கிலோ எடைக்கு இழுக்கிறது. 6,500இல் 2.45 கிலோ. 7,500இல் 3.27 கிலோ. சுழற்சி கூடியது கால் பங்கு, இழுவை கூடியது 56 வீதம். நான்கு பிஸ்டன்களின் எடையும் ஒரு கிராமுக்குள் ஒத்திருக்க வேண்டும் என்று பழைய பாஸ்மார் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான். நாற்பது ஐம்பது அரிசி மணியின் எடை, ஒரு முறை சுற்றும்போது மூன்றேகால் கிலோச் சுத்தியலாக மாறுகிறது. நகைக்கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள், அதற்குச் செலவில்லை.

அந்த அடியெல்லாம் வாங்குவது மூன்றே மெயின் பெயாரிங். அண்ணன் காரான எம்.ஜி.பி.க்கு 1964இல் மூன்றை ஐந்தாக்கினார்கள். மிட்ஜெட்டுக்கு அந்த வரம் கிடைக்கவில்லை. 2 அங்குல ஜேர்னலுக்கும் பெயாரிங்குக்கும் இடைவெளி அங்குலத்தின் ஆயிரத்தில் இரண்டு பங்கு, 0.05 மில்லிமீற்றர், மெல்லிய தலைமயிரின் தடிப்பு. அதில் ஓடுகிற ஒயில் படலந்தான் எஞ்சினின் உயிர். மேலே ஹெட்டிலும் உள்ளிழுக்கும் வாசல் நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து இரண்டுதான். வேகம் ஏற ஏற மூச்சு முட்டும். அதற்கு மேல் கிடைக்கும் வலு சிறிது, கிராங்க் கொடுக்கும் விலை பெரிது.

நுவரெலியாவுக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் கழிக்க வேண்டும். 1,868 மீற்றர் உயரத்தில் காற்று மெலிவதால் வலுவில் ஐந்தில் ஒரு பங்கு அளவு போய்விடும். மட்டக்களப்பின் கல்லடியில் 80 குதிரைவலு காட்டிய எஞ்சின் மககஸ்தோட்டைத் தொடக்கக் கோட்டில் 65ஐ ஒட்டி நிற்கும். பறித்துக்கொள்வது மலை. அதை 7,500க்கு முறுக்கி மீட்கப் பார்த்தால், கணக்குத் தீர்ப்பது கிராங்க்.

7,500க்கு மேலும் ஓட்டுகிறவர்கள் உண்டு. அவர்கள் பருவத்துக்குப் பருவம் எஞ்சினைக் கழற்றிப் பெயாரிங் மாற்றுகிறார்கள். பக்கத்திலேயே சாமானும் பட்டறையும் வைத்திருக்கிறார்கள். வாவிக்கரையிலிருந்து கட்டுகிறவர் முதற்காசைக் கிராங்குக்கும், இரண்டாவதைப் பெயாரிங்குக்கும் ஒயில் பம்புக்கும், மிஞ்சியதைக் கம்ஷாஃப்டுக்கும் போடட்டும். சுழற்சியைக் கட்டுப்படுத்தும் பெட்டியில் 6,500 என்று வையுங்கள்.