விளம்பரப் பலகையும் ஐப்பசிக் காற்றும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவி)

காட்டாங்குளத்தூரில் ரயிலேறிக் கல்லூரிக்கு வரும் நம்மில் பலருக்கு, ஜி.எஸ்.டி. சாலையோரம் நிமிர்ந்து நிற்கும் ராட்சத விளம்பரப் பலகைகள் பழகிப்போன காட்சி. மற்றவர்கள் படத்தைப் பார்ப்பார்கள். நான் அதைக் கட்டியிருக்கும் கயிற்றைப் பார்ப்பேன். என் தந்தையார் அப்பலகைகளில் ஏறி ஃபிளெக்ஸ் கட்டும் தொழிலாளி.

குளிர் நாடுகளில் பனிக்கட்டி பலகையின் மேல் குவியும். விரிசலில் புகுந்த நீர் உறைந்து விரிந்து பிளக்கும். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. நம் குளிர்காலம் என்பது ஐப்பசியில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழைதான். நமக்குப் பகை காற்றும் ஈரமும்.

முதலில் காற்று. அதன் வேகத்தை வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று எடுத்து, வர்க்கப்படுத்தி, 0.6ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டரின் மேல் விழும் அழுத்தம் நியூட்டனில் கிடைக்கும். 40க்கு 20 அடிப் பலகையின் பரப்பு சுமார் 74 சதுர மீட்டர். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது காற்று மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வீசியது. வினாடிக்கு 30 மீட்டர் என்றே கொள்வோம். அழுத்தம் 540, மொத்த விசை சுமார் 40,000 நியூட்டன், அதாவது நான்கு டன் எடை பக்கவாட்டில் தள்ளுவது போல! இந்தியத் தர நிர்ணயம் சென்னைக்கு வினாடிக்கு 50 மீட்டர் வேகத்தைக் கணக்கில் கொள்ளச் சொல்கிறது. அப்போது அதே பலகையில் 11 டன். பலகையின் வடிவத்துக்காக இதை இன்னும் சற்றுக் கூட்ட வேண்டும். அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

2024 மே 13 அன்று மும்பை காட்கோபரில் சரிந்து பதினேழு பேரைப் பலிகொண்ட பலகை 120க்கு 120 அடி. நம் பலகையைப் போல் பதினெட்டு மடங்கு பரப்பு.

அப்பாவும் அவருடைய கூட்டாளிகளும் ஃபிளெக்ஸில் அரைவட்டமாகக் கத்தியால் கீறி விடுவார்கள். "காத்துக்கு வழி விடணும்மா" என்பார். நான் கணக்குப் போட்டேன். 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள நாற்பது கீறல்களின் மொத்தப் பரப்பு 0.35 சதுர மீட்டர். பலகையில் அரை சதவீதம்கூட இல்லை. காற்று தணிவதற்குப் பதிலாக, கீறலின் முனையிலிருந்து கிழிசல்தான் தொடங்கும். தாளைக் காட்டியதும் அப்பா சிரித்தார். "முப்பது வருஷமா ஓட்டை போட்டிருக்கேனே, எல்லாம் வீணா?" என்றார். எனக்குச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று தோன்றியது.

ஆனால் அவருக்குத் தெரிந்த ஒன்று எனக்குத் தெரியாதிருந்தது. முன்னிருந்து வரும் காற்றைச் சட்டம் தாங்கிக்கொள்ளும். பின்னிருந்து வரும் காற்றே கட்டைச் சோதிக்கும். புயலின் கண் கடந்ததும் காற்று எதிர்த்திசைக்குத் திரும்புகிறது அல்லவா? அப்போது முழு விசையும் கயிறுகளின் மேல்தான். பலகையின் சுற்றளவு 120 அடி. அடிக்கு ஒரு கட்டு என்றால் ஒவ்வொன்றுக்கும் சுமார் 34 கிலோ; இரண்டடிக்கு ஒன்று என்றால் 68 கிலோ. ஒன்று அறுந்தால் அதன் சுமை பக்கத்துக் கட்டுகளுக்குப் போகும். பிறகு வரிசையாக அறுபடும். எனவே ஓரத்தை மடித்து, உள்ளே கயிறு கொடுத்து ஒட்டி, நெருக்கமாகக் கட்ட வேண்டும். சித்திரை வெயிலில் காய்ந்த பழைய ஃபிளெக்ஸ் ஐப்பசிக்குள் மொரமொரத்துப் போயிருக்கும். அதை மழைக்கு முன்பே மாற்றுவது நல்லது.

இனி ஈரம். இரும்புக் குழாயின் வெளிப்புறத்துக்கு ரெட் ஆக்சைடு அடிக்கிறார்கள். உள்ளே தேங்கும் நீரை யாரும் நினைப்பதில்லை. வாயை மூடி, அடியில் வடிய ஒரு துளை விட வேண்டும். துத்தநாகப் பூச்சுள்ள குழாயானாலும் வெல்டிங் செய்த இடத்தில் பூச்சு எரிந்துபோயிருக்கும். துரு அங்கேதான் முதலில் பிடிக்கும். கால் கான்கிரீட்டில் நுழையும் இடத்தில் நீர் நிற்காதபடி மேற்பரப்பைச் சரிவாக்க வேண்டும். பலகையின் நடு தரையிலிருந்து பத்து மீட்டர் உயரத்தில் இருந்தால், அந்த நான்கு டன்னும் பத்து மீட்டர் நீள நெம்புகோலாக இந்த இடத்தைத்தான் நெம்புகிறது. ஏரிக்கரை மண் மழையில் ஊறி இளகியிருக்கும் காலமும் அதுவே.

சிறிய பேனர்தானே என்றும் இருந்துவிட முடியாது. 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் ஸ்கூட்டரில் சென்ற இளம் பொறியாளர் மீது விழுந்தது சாலை நடுவே கட்டிய திருமண பேனர்தான். பின்னால் வந்த லாரி அவர் மீது ஏறியது.

என்னைக் கேட்டால், மிகச் சிறந்த வடிவமைப்பு ஃபிளெக்ஸை விரைவில் கழற்ற முடிவதுதான். வெறும் சட்டத்தினூடே காற்று புகுந்து போய்விடும். கீழே நின்றபடியே முடிச்சவிழ்த்து இறக்கும்படி கப்பி வைத்தால் யாரும் ஏற வேண்டியதில்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. பலகைக்காரர் கடைசிவரை விளம்பரத்தை இறக்கச் சம்மதிக்கவில்லை. முதல் நாள் மாலை, தூறலில், அப்பா ஏறித்தான் இறக்கினார். வீடு திரும்பியபோது அவர் உள்ளங்கையெல்லாம் துருப்பொடி. அடிப்பட்டையிலிருந்து உதிர்ந்ததாம். பலகைக்காரரிடம் சொல்லியிருக்கிறார்.